கட்டுரைப் பயிற்சி: இடர் கண்டு துவளாத பெண்கள்

க.பொ.த. (சாதாரண தரம்) – தமிழ்மொழியும் இலக்கியமும் – கட்டுரை எழுதுதல்



கட்டுரை வினாக்களில் அடிக்கடி தலைகாட்டும் பொருள்களுள் ஒன்று விடாமுயற்சி. சில வேளைகளில் அது “நான் போற்றும் பெண்மணி” என்று வரும். சில வேளைகளில் “துன்பத்தை வென்ற சாதனையாளர் ஒருவர்” என்று வரும். எந்த உருவத்தில் வந்தாலும் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒன்றுதான். இலகுவான தலைப்பு என்று எண்ணி இதையே முதலில் தெரிவு செய்வோர் பலர். ஆனால் பயிற்சித் தாள்களைத் திருத்தும்போது பெரும்பாலும் கண்ணிற்படுவது பின்வருவது போன்ற ஒரு பந்தியே:

“உலகில் பல பெண்கள் சாதனை படைத்துள்ளனர். அவர்களுள் மேரி கியூரியும் ஒருவர். இவர் வறிய குடும்பத்திற் பிறந்து பல துன்பங்களை அனுபவித்தார். ஆயினும் மனந்தளராது விடாமுயற்சியுடன் உழைத்து வெற்றி பெற்றார். நாமும் அவரைப் போல் வாழ வேண்டும்.”

இதில் எழுத்துப்பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். மேரி கியூரி என்ற பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஹெலன் கெல்லர் என்று எழுதுங்கள். வேறு ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. யாருக்கும் பொருந்தும் பந்தி யாரைப் பற்றியதும் அன்று. இப்படிப்பட்ட பந்தியைப் படிக்கும் பரீட்சகர், நீங்கள் அந்தப் பெண்மணியைப் பற்றி எதுவும் அறியவில்லை என்றே முடிவு செய்வார்.

“பல துன்பங்கள்” என்று எழுதாமல் எந்தத் துன்பம் என்று எழுதுங்கள். அதோடும் நின்றுவிடக் கூடாது. துன்பம் உலகில் எல்லோருக்கும் வருகின்றது. அது வந்த அடுத்த நாள் காலையில் எழுந்து அவர் என்ன வேலையைச் செய்தார், அதை எத்தனை ஆண்டுகள் செய்தார், அவருக்குக் கை கொடுத்தவர் யார் என்பவற்றைத் தேடுங்கள். விடாமுயற்சி அங்கேதான் இருக்கின்றது. மேரி கியூரியின் வாழ்வையே எடுத்துச் சற்று விரிவாக நோக்குவோம். மற்ற இருவரைப் பின்னர் சுருக்கமாகப் பார்க்கலாம்.

மேரி கியூரி (1867 – 1934)

1867 நவம்பர் 7 ஆம் திகதி போலந்து நாட்டின் வோர்சோ நகரிற் பிறந்தார். இயற்பெயர் மரியா ஸ்க்லொடொவ்ஸ்கா. அக்காலத்தில் வோர்சோ இரஷ்யப் பேரரசின் ஆட்சியின் கீழ் இருந்தது. தந்தையார் கணிதமும் பௌதிகவியலும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண்கள் பாடசாலை ஒன்றை நடத்தியவர். ஆகவே “வறிய குடும்பம்” என்று எழுதினால் அது பாதி உண்மைதான். படித்த குடும்பம் அது. பின்னர் நொடித்துப் போனது. போலந்துப் பற்று உள்ளவர் என்பதால் இரஷ்ய அதிகாரிகள் தந்தையாரைப் பதவியிலிருந்து இறக்கினர். வருமானம் குறைந்தது. வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துப் படிப்பிக்க வேண்டியதாயிற்று. மூத்த சகோதரி ஒருவர் டைபஸ் காய்ச்சலால் இறந்தார். அதன் பின்னர் தாயார் காசநோயால் இறந்தபோது மரியாவுக்கு வயது பத்து.

1883 இல் தங்கப் பதக்கத்துடன் பாடசாலைக் கல்வியை முடித்தார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. ஏறக்குறைய உங்கள் வயது. அடுத்தது பல்கலைக்கழகம். ஆனால் வோர்சோப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. எத்தனை பதக்கம் பெற்றிருந்தாலும் கதவு திறக்காது. வெளிநாடு சென்று படிக்கப் பணமும் இல்லை.

இந்த இடத்தில் இரண்டு சகோதரிகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அக்கா புரோனியா வைத்தியம் படிக்க விரும்பினார். அவர் முதலில் பாரிஸ் நகருக்குச் செல்வது, மரியா வேலை செய்து அவருக்குப் பணம் அனுப்புவது, அக்கா படித்து முடித்த பின்னர் தங்கையை அழைத்துக்கொள்வது என்பதே அது. கடதாசியில் எழுதாத ஒப்பந்தம். இரண்டு பேரும் அதைக் காப்பாற்றினார்கள்.

1886 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதினெட்டு வயதில், மரியா ஒரு கிராமத்துச் செல்வந்தர் வீட்டிற்குப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியையாகப் போனார். சீனி எடுக்கும் பீட் கிழங்கு வயல்கள் சூழ்ந்த இடம் அது. பகல் முழுவதும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். எஞ்சிய நேரத்தில் அயலிலிருந்த குடியானவர் பிள்ளைகளைச் சேர்த்துப் போலந்து மொழியில் எழுத வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். இரஷ்ய ஆட்சியில் அது தண்டனைக்குரிய செயல். இரவில் தனக்காகப் பௌதிகவியல், கணித நூல்களைப் படித்தார். விளங்காத கணக்குகளைக் கடிதத்தில் எழுதித் தந்தையாருக்கு அனுப்பினார். அவர் தபாலிலேயே விளக்கம் எழுதினார்.

அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்தது. வீட்டாரின் மூத்த மகன் மரியாவைத் திருமணம் செய்ய விரும்பினார். சம்பளத்திற்கு வந்த ஆசிரியை தமக்கு மருமகளாவதா என்று பெற்றோர் மறுத்துவிட்டனர். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது எத்தகைய அவமானம் என்று நினைத்துப் பாருங்கள். அவர் அந்த வீட்டை விட்டு ஓடிவிடவில்லை. வேலைக்காலம் முடியும் வரை அதே வீட்டில், அதே மேசையில் அமர்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். போயிருந்தால் பாரிசில் இருந்த அக்காவுக்குப் பணம் போகாது. வழிகாட்டி நூல்கள் பலவற்றில் இந்தச் செய்தி இடம்பெறுவதில்லை. ஆய்வுகூடத்தில் அவர் காட்டிய பொறுமைக்கு இந்த மூன்று ஆண்டுகளே பயிற்சி என்பது என் கருத்து.

1891 இன் பிற்பகுதியில் அவர் பாரிசுக்குப் புறப்பட்டார். அப்போது வயது ஏறக்குறைய இருபத்து நான்கு. பாடசாலைப் படிப்பை முடித்து எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் தனது பிரெஞ்சு மொழியறிவும் கணித அறிவும் போதாதவை என்று கண்டார். மேல்மாடிச் சிறு அறை ஒன்றில் தங்கி, குளிர்காலத்தில் விறகு, நிலக்கரிக்குக் கூடப் பணத்தை எண்ணிச் செலவு செய்து படித்தார். 1893 இல் பௌதிகவியற் பட்டப் பரீட்சையில் முதலாம் இடம். 1894 இல் கணிதத்தில் இரண்டாம் இடம். இடையில் போலந்திலிருந்து ஓர் உதவித்தொகை கிடைத்தது. உழைக்கத் தொடங்கியதும் அந்தப் பணத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்தவர்கள் அதை எதிர்பார்த்திருக்கவே இல்லை.

1895 இல் விஞ்ஞானி பியர் கியூரியைத் திருமணம் செய்தார். 1897 இல் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். கைக்குழந்தையுடனேயே கலாநிதிப் பட்ட ஆய்வு தொடங்கியது. பியரின் தந்தையார் அவர்களுடன் வந்து தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். யுரேனியம் ஒருவகைக் கதிர்களை வெளியிடுவதை 1896 இல் பெக்கரல் கண்டறிந்திருந்தார். யுரேனியத்தைத் தரும் பிட்ச்பிளென்ட் என்ற தாதுப்பொருளை மேரி அளந்து பார்த்தபோது, அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மேலாகக் கதிர்வீச்சு இருந்தது. அப்படியானால் உள்ளே வேறொன்று இருக்க வேண்டும். 1898 ஜூலையில் பொலோனியம், டிசெம்பரில் இரேடியம் என இரண்டு புதிய மூலகங்களைக் கணவனும் மனைவியும் அறிவித்தார்கள்.

பெரும்பாலான மாணவர் கட்டுரைகள் இந்த இடத்திலிருந்து நேரே நோபல் பரிசுக்குத் தாவிவிடுகின்றன. தாவாதீர்கள். அறிவிப்பது வேறு, பிரித்தெடுத்துக் காட்டுவது வேறு. கண்ணால் பார்க்கும் அளவு, அணுநிறை அளக்கும் அளவு இரேடியம் இல்லாமல் இரசாயனவியலாளர் அதை ஏற்கமாட்டார்கள். ஆகவே யுரேனியம் எடுத்த பின் எஞ்சிய பிட்ச்பிளென்ட் கழிவைப் போஹேமியாவிலுள்ள சுரங்கமொன்றிலிருந்து தொன் கணக்கில் தருவித்தார்கள். வேலை செய்யக் கிடைத்த இடமோ ஒரு பழைய கொட்டகை. முன்னர் வைத்திய மாணவர்கள் பிரேதங்களை வெட்டிப் பரிசோதித்த இடம். கண்ணாடிக் கூரையால் மழைநீர் ஒழுகும். கோடையில் வேகும், குளிர்காலத்தில் விறைக்கும். ஒரு தடவைக்கு இருபது கிலோகிராம் வரையான கழிவைப் பெரிய பாத்திரத்தில் இட்டுக் காய்ச்சி, தன் உயரத்துக்குக் கிட்டிய இரும்புக் கம்பியால் நாள் முழுவதும் கிண்டினார் மேரி. பின்னர் வடித்தல், கரைத்தல், பளிங்காக்கல், மீண்டும் கரைத்தல். இப்படி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். 1902 இல் கையில் கிடைத்த தூய இரேடியம் குளோரைட்டு 0.1 கிராம். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு.

தொன் கணக்கில் கழிவு, நான்கு ஆண்டுகள், 0.1 கிராம். இந்த மூன்று விவரங்களையும் ஒரே வசனத்தில் எழுதிவிட்டால் “அயராது உழைத்தார்” என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. வாசிப்பவரே சொல்லிக்கொள்வார்.

1903 ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெக்கரல், பியர், மேரி மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. முதலில் மேரியின் பெயர் பட்டியலிலேயே இல்லை. செய்தி அறிந்த பியர், மனைவியின் பங்கையும் கருத வேண்டும் என்று வற்புறுத்தி எழுதிய பின்னரே அவரும் சேர்க்கப்பட்டார். 1906 ஏப்ரல் 19 ஆம் திகதி பாரிஸ் வீதியொன்றில் குதிரை வண்டியில் அகப்பட்டுப் பியர் உயிரிழந்தார். ஐரீனுக்கு எட்டு வயது. இளைய மகள் ஈவுக்கு இரண்டு வயது கூட நிரம்பவில்லை. அரசு தர முன்வந்த உதவிப் பணத்தை மேரி ஏற்கவில்லை. தன்னால் வேலை செய்ய முடியும் என்றார். பல்கலைக்கழகம் கணவரின் கற்பித்தற் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. சோர்போனில் விரிவுரை நிகழ்த்திய முதற் பெண் அவரே. 1906 நவம்பர் 5 ஆம் திகதி முதல் விரிவுரை. கணவரைப் பற்றிக் கண்ணீருடன் பேசுவார் என்று எதிர்பார்த்து மண்டபம் நிறையக் கூட்டம் வந்திருந்தது. அவர் அவ்வாறு எதுவும் பேசவில்லை. பியர் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ அதே இடத்திலிருந்து தொடங்கினார்.

1911 ஆம் ஆண்டு அவருக்கு மிகக் கசப்பானதும் மிக உயர்ந்ததுமான ஆண்டு. ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழக உறுப்பினர் தேர்தலில் ஓரிரு வாக்குகளால் தோற்றார். பெண் என்பதும் வெளிநாட்டவர் என்பதும் அவருக்கு எதிராகப் பேசப்பட்டன. ஆண்டின் இறுதியில் செய்தித்தாள்கள் அவரது சொந்த வாழ்க்கையைப் பற்றி இழிவாக எழுதின. இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்த வேளை அது. விழாவுக்கு வராமல் இருப்பது நல்லது என்று சுவீடனிலிருந்து கடிதம் கூட வந்தது. பரிசு தன் ஆய்வுக்குத் தரப்படுவது, தன் சொந்த வாழ்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பதில் எழுதிவிட்டு, நேரில் சென்று பரிசைப் பெற்றார். இரு வேறு விஞ்ஞானத் துறைகளில் நோபல் பரிசு பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

முதலாம் உலகப் போர் தொடங்கியதும் எக்ஸ் கதிர்க் கருவிகள் பொருத்திய ஊர்திகளைத் தயார் செய்து போர்முனை வைத்தியசாலைகளுக்குக் கொண்டு சென்றார். அதற்காக வாகனம் ஓட்டவும் பழகினார். மகள் ஐரீன் பதினேழு வயதில் அவருடன் சேர்ந்து பணியாற்றினாள். படைவீரர்கள் அந்த ஊர்திகளைக் “குட்டிக் கியூரிகள்” என்று அழைத்தனர். 1934 ஜூலை 4 ஆம் திகதி குருதி உற்பத்தி குன்றும் நோயால் மேரி இறந்தார். ஆண்டுக்கணக்காகக் கதிர்வீச்சுக்கு உட்பட்டதே காரணம் எனக் கருதப்படுகின்றது. அவர் எழுதிய ஆய்வுக் குறிப்பேடுகள் இன்றும் கதிர்த்தொழிற்பாடு உடையவை; ஈயம் பூசிய பெட்டிகளில் வைத்துப் பாதுகாக்கின்றனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. “முயன்றால் முடியாதது எதுவும் இல்லை” என்று எழுதிவிட உங்கள் பேனா துடிக்கும். மேரியின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. 1911 இல் தோற்ற அந்தக் கழகத்திற்குள் அவர் கடைசி வரை நுழையவில்லை. அக்கழகம் ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றது 1979 இல்தான். அக்கா புரோனியா வாக்குத் தவறியிருந்தால், மாமனார் குழந்தையைப் பார்க்காதிருந்தால், பியர் அந்தக் கடிதத்தை எழுதாதிருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர் அளவுக்கு முயன்றும் கதவு திறக்காமற் போன பெண்கள் அக்காலத்தில் எத்தனையோ பேர். அவர்கள் முயற்சி குறைந்தவர்கள் என்று உங்கள் கட்டுரை மறைமுகமாகச் சொல்லிவிடக் கூடாது. துணை நின்றவர்களையும் தோற்ற இடங்களையும் எழுதினால் சாதனையாளரின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். கட்டுரைக்கு நம்பகத்தன்மை கூடும்.

முத்துலட்சுமி ரெட்டி (1886 – 1968)

இரேடியம் பிற்காலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்டது என்பது நீங்கள் அறிந்ததே. அதே நோய்க்கு எதிராகத் தமிழ்நாட்டில் ஒரு வைத்தியசாலையை எழுப்பியவர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையிற் பிறந்தவர். தந்தையார் நாராயணசுவாமி ஐயர், மகாராஜாக் கல்லூரியின் அதிபர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்தப் பிறப்பைச் சொல்லி ஊரார் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தே படித்து மெட்ரிக்குலேஷன் பரீட்சையிற் சித்தியடைந்தார். அடுத்துக் கல்லூரி. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜாக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் தலையிட்டு அனுமதி வழங்கினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907 இற் சேர்ந்து 1912 இல் வைத்தியரானார்.

இவரைப் பற்றி எழுதும்போது “முதற் பெண்” என்ற பட்டங்களை அடுக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. இரண்டு கால இடைவெளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று சென்னைச் சட்டசபையில் அவர் குரல் எழுப்பியது 1927 இல். சென்னை மாகாணத்தில் அது சட்டமானது 1947 இல். இடையில் இருபது ஆண்டுகள். அடுத்தது வைத்தியசாலை. தங்கை புற்றுநோயால் வருந்தி இறந்ததைப் பார்த்த நாள் முதல் அந்நோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் இருந்தது. அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1952 இல். அது இயங்கத் தொடங்கியது 1954 இல். அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தங்கையின் மறைவுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் கடந்திருந்தது.

சுசந்திகா ஜயசிங்க (பிறப்பு 1975)

நம் நாட்டு உதாரணம் ஒன்றும் வேண்டும். கேகாலை மாவட்டத்தில் ஓர் ஏழைக் கிராமக் குடும்பத்திற் பிறந்த சுசந்திகா, 1997 இல் ஏதென்சில் நடந்த உலக மெய்வல்லுநர்ப் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டே ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்தது, போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார், பின்னர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாமிடம் பெற்றார். இரண்டாமிடம் பெற்றவரின் நேரம் 22.27 செக்கன். 1948 இல் டங்கன் வைற் பெற்ற பதக்கத்திற்குப் பின்னர் 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

கவனிக்குக: பழைய வழிகாட்டி நூல்களில் இது வெண்கலப் பதக்கம் என்றே இருக்கும். அதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். முதலாமிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2007 இல் ஒப்புக்கொண்டார். அவரது பதக்கம் பறிக்கப்பட்டது. 2009 இல் சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. செய்யாத குற்றத்திற்காகத் தூற்றப்பட்டவர் இவர். குற்றம் செய்தவருக்குப் பின்னால் ஓடி, உரிய பதக்கத்துக்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தவரும் இவரே. இந்த முரணைக் கட்டுரையில் பயன்படுத்தத் தெரிந்தவர் நல்ல புள்ளி பெறுவார்.

எழுதும்போது

மூவரையும் ஒரே கட்டுரையில் திணிக்க முயலாதீர்கள். தரப்படும் சொல்லளவு ஒருவரைப் பற்றி எழுதவே சரியாக இருக்கும். அந்த ஒருவரின் வாழ்விலும் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. இரண்டு நிகழ்ச்சிகள் போதும். முன்னுரையில் “உலகம் தோன்றிய காலந் தொட்டு” என்று தொடங்கி அரைப் பக்கத்தை வீணாக்காமல், நிகழ்ச்சிக்குள் நேரே இறங்குங்கள்.

குறளை மேற்கோள் காட்ட விரும்புவோர் ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய இரு அதிகாரங்களையும் படித்து வைத்திருங்கள். ஒரு குறள் போதும். சீர் பிறழ்ந்து பாதி நினைவில் எழுதுவதைவிட எழுதாமல் விடுவதே நல்லது.

“முயற்ச்சி” என எழுதுவோர் தொகை குறைவதாக இல்லை. றகர மெய்யை அடுத்து வல்லின மெய் இரட்டிக்காது. “முயற்சி” என்பதே சரி. “விடாமுயற்சி” என்பது விடாத முயற்சி என விரியும்; ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். “தளராமல்”, “துவளாது” என்பன எதிர்மறை வினையெச்சங்கள். மேரியை “அவர்” என்று தொடங்கிவிட்டு நடுவில் “சென்றாள்” என முடிப்பதும் அடிக்கடி காணப்படும் பிழை. மரியாதைப் பன்மையில் தொடங்கினால் கடைசி வரை அவ்வாறே எழுதுங்கள்.

தொடக்கத்திற் காட்டிய பந்தியை இப்போது இவ்வாறு மாற்றி எழுதலாம்:

“பதினைந்து வயதில் தங்கப் பதக்கம் பெற்ற மரியாவுக்கு வோர்சோப் பல்கலைக்கழகம் இடம் தரவில்லை; அங்கே பெண்கள் படிக்க முடியாது. அக்காவைப் பாரிசில் படிக்கவைப்பதற்காக அவர் ஒரு செல்வந்தர் வீட்டில் ஆசிரியையானார். அந்த வீட்டார் அவரை அவமதித்தனர். ஆயினும் மாதச் சம்பளம் அக்காவுக்குச் சென்றாக வேண்டும் என்பதால் வேலையை விடவில்லை. பகலில் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இரவில் தனக்காகக் கணிதம் படித்தார். அவர் பாரிஸ் பல்கலைக்கழக வாசலை மிதித்தபோது பாடசாலையை விட்டு எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.”

இதில் விடாமுயற்சி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பெயரை மாற்றி வேறொருவருக்குப் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது.

பயிற்சி

1. மேரி கியூரியின் வாழ்வில் அவருக்குத் துணை நின்றோர் மூவரைக் குறிப்பிட்டு, ஒவ்வொருவரும் செய்த உதவியை ஒவ்வொரு வசனத்தில் எழுதுக.

2. “அயராது”, “கலங்காமல்”, “ஓயாத”, “அஞ்சா நெஞ்சம்” – இவற்றைப் பெயரெச்சம், வினையெச்சம் எனப் பிரித்துக் காட்டுக. ஈறுகெட்டு வந்துள்ளது எது?

3. முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி ஒரு பந்தி எழுதுக. அதில் இரண்டு ஆண்டுகள் மட்டுமே இலக்கத்தில் இடம்பெற வேண்டும். எந்த இரண்டைத் தெரிவு செய்தீர்கள் என்பதற்குக் காரணம் கூறுக.

4. “முயன்றும் கிட்டாதவை” என்ற தலைப்பில் 1911 ஜனவரித் தேர்தலை மையமாக வைத்து ஒரு பந்தி எழுதுக.

5. உங்கள் வீட்டில் அல்லது ஊரில் நீங்கள் நன்கு அறிந்த ஒரு பெண்ணை – தாயார், அம்மம்மா, தையல் வேலை செய்யும் அக்கா, யாராயினும் – மனதிற் கொண்டு ஒரு கட்டுரை எழுதுக. விடாமுயற்சி, தன்னம்பிக்கை, சாதனை ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்தக் கூடாது. எழுதும் முன் அவரிடம் சென்று, மிகக் கடினமாயிருந்த காலத்தில் ஒரு நாளை எப்படிக் கழித்தார் என்று விடிகாலை முதல் இரவு வரை கேட்டுக் குறித்துக்கொள்க.